பெயிண்ட்காரரைக் கடைசியில் கூப்பிடுங்கள்

வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பது என் தொழிலாக இருந்தது. கடன் கேட்பவர் வாங்க நினைக்கும் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும், டேப் பிடித்து அளக்க வேண்டும், சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும், பத்திரத்தோடு ஒத்துப் பார்த்து "இவ்வளவு பெறும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் தெருப் பிள்ளைகள் விடுவதில்லை. எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே கதைதான். அப்பா அம்மா சென்னையிலோ புறநகரிலோ கட்டிய வீடு. அவர்கள் காலம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். விற்றுவிடலாம் என்று முடிவு. "மாமா, முதல்ல பெயிண்ட் அடிச்சிடலாமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களுக்குச் சொல்லிவருவதை இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன். வரிசை முக்கியம், எண்ணை மாற்றிச் செய்தால் பணம் விரயம்.

1. உங்களிடம் வரப்போகிறவர் வீட்டை வாங்குகிறாரா, மனையை வாங்குகிறாரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நங்கநல்லூரிலோ மேற்கு மாம்பலத்திலோ ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், நாற்பது வருடத் தனி வீடு என்றால் வருபவர் அநேகமாக பில்டர். அவர் உங்கள் மொசைக் தரையைப் பார்க்கவே மாட்டார். தெருவின் அகலத்தையும் மனையின் முகப்பையும் நாலு மூலையையும் பார்ப்பார். பத்திரம் எழுதின மறுவாரம் ஜேசிபி வரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு லட்சக்கணக்கில் செலவழித்து வெள்ளையடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு புரோக்கர்களிடம் அந்தத் தெருவில் சதுர அடி மனை என்ன விலை என்று கேளுங்கள். மனை விலையும் அவர்கள் சொல்லும் மொத்த விலையும் ஒன்றாக இருந்தால் கட்டடத்துக்கு மதிப்பில்லை என்று அர்த்தம். அங்கே நீங்கள் செய்ய வேண்டியது நில அளவையரை வைத்து மனையை அளப்பதுதான். பத்திரத்தில் 60 அடி என்றிருக்கும். நேரில் பக்கத்து வீட்டு மதில் ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கும். அதை வாங்குபவரின் ஆள் கண்டுபிடித்தால் விலை குறையும். நீங்களே முதலில் கண்டுபிடித்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசித் தீர்க்க அவகாசம் இருக்கும்.

இனி வருவதில் சுவர், தண்ணீர், பெயிண்ட் பற்றியவை குடியிருக்க வாங்குபவர் வரும் வீடுகளுக்கு. காகிதம் பற்றியவை எல்லோருக்கும்.

2. வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்க்காரரை முதல் நாளே கூப்பிடாதீர்கள். பரண் மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியை நீங்களே இறக்கி, நீங்களே பிரியுங்கள். அந்தக் காலத்து ஆட்கள் பத்திரத்தை ஒரு இடத்தில் வைப்பார்கள், அனுமதி பெற்ற வரைபடத்தை இன்னொரு இடத்தில் வைப்பார்கள். துணி ஒட்டிய ப்ளூ பிரிண்ட் ஒன்று கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே நாலாக மடித்துக் கிடக்கும். மடிப்பில் கை வைத்தால் உதிரும். அப்படியே ஒரு அட்டைமேல் விரித்து ஸ்கேன் எடுங்கள். சொத்துவரி ரசீது, குடிநீர் இணைப்பு வாங்கின ரசீது, வீட்டுக் கடன் அடைத்த கடிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மூலப் பத்திரம் காணவில்லை என்றால் போலீஸில் புகார், செய்தித்தாளில் விளம்பரம், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று என்று மாதக் கணக்கில் இழுக்கும். அதை இப்போதே தொடங்குங்கள். பார்ட்டி அட்வான்ஸ் கொடுக்க வந்து உட்கார்ந்த பிறகு தொடங்காதீர்கள்.

3. வில்லங்கச் சான்றிதழை நீங்களே எடுத்து நீங்களே படியுங்கள். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான விவரம் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். ஈசியில் நான் அடிக்கடி பார்க்கும் சங்கடம் இது: அப்பா எப்போதோ வீட்டுக் கடன் வாங்கியிருப்பார், கடைசித் தவணை வரை கட்டியிருப்பார், பத்திரத்தையும் வாங்கி வந்திருப்பார். ஆனால் பத்திரத்தை வங்கியில் வைத்ததற்கான பதிவு மட்டும் ஈசியில் அப்படியே நிற்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாததுதான் காரணம். வாங்குபவரின் வங்கி வக்கீல் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிடுவார். வங்கிக்கு எழுதிக் கொடுத்து அந்த ரசீதைப் பதிவு செய்துவிடுங்கள். கடன் இப்போதுதான் தீர்கிறது என்றால், 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. கேட்டு வாங்குங்கள்.

4. வாரிசு விஷயத்தில் கூச்சம் பார்க்காதீர்கள். வீடு விற்பனை நின்றுபோவதில் பாதி இங்கேதான். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார், இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சமபங்கு; 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். "அக்காவுக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்பதெல்லாம் வீட்டுப் பேச்சு; சார்பதிவாளரிடம் செல்லாது. இன்னொருவரையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அப்பா இறந்த அன்று அவருடைய அம்மா, அதாவது உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் அதன்பின் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகிறது. அத்தையும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். இதைக் கேட்டதும் பலருடைய முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். கோபப்பட்டு ஆவதொன்றுமில்லை. நல்ல நாள் பார்த்து, பழம் வாங்கிக்கொண்டு போய், விஷயத்தை மறைக்காமல் சொல்லி, விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். விலை பேசி முடித்த பிறகு போனால் அந்த விலை அவர்கள் காதுக்கும் போயிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி வர முடியாது என்றால் பவர் அனுப்பலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பதிவன்று, பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். இந்த வேலைகளுக்கு இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். பங்குதாரர்களில் மைனர் பிள்ளை இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவையா என்று அப்போதே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

5. பட்டா, சொத்துவரி, குடிநீர் வரி, மின் இணைப்பு. நாலும் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தாத்தா பெயரில் பட்டா, அப்பா பெயரில் வரி, யாரோ பழைய வாடகைக்காரர் பெயரில் கரண்ட் பில் என்று இருப்பது நம் ஊர் வழக்கம். மாற்றுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, அலைச்சல்தான்.

6. அனுமதி வாங்கின வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். மாடி பிற்பாடு போட்டதா? அதற்கு அனுமதி உண்டா? அனுமதி இல்லாத மாடியைப் பல வங்கிகள் மதிப்பிலேயே சேர்ப்பதில்லை. நீங்கள் இரண்டு தளத்துக்கு விலை சொல்வீர்கள், வாங்குபவருக்கு ஒரு தளத்துக்குத்தான் கடன் வரும். அந்த வித்தியாசத்தை அவர் ரொக்கமாகப் புரட்ட முடியாமல் பின்வாங்குவார். புறநகர் மனையென்றால் மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் திட்டம் கொண்டுவந்தது. அப்பா அதில் பணம் கட்டினாரா என்று டிரங்குப் பெட்டியில் தேடுங்கள். வீட்டுவசதி வாரிய வீடாக இருந்தால் ஒரு கேள்வி: தவணையெல்லாம் முடித்தபின் வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் வாங்கினாரா? ஒதுக்கீட்டு உத்தரவையே பத்திரம் என்று நினைத்துப் பீரோவில் பூட்டி வைத்திருந்த வீடுகள் உண்டு.

7. இப்போது வீட்டுக்குள் வரலாம். முதலில் தண்ணீர். நம் ஊரில் வீட்டைத் தின்பது தண்ணீர்தான். கரையான்கூட ஈரத்தைத் தேடித்தான் வருகிறது.

மொட்டை மாடியில் தொடங்குங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்த மாடியென்றால் குச்சியால் தட்டிக்கொண்டே நடங்கள். ஓசை டொப்பென்று கேட்கிற இடத்தில் ஓடு விட்டுப்போயிருக்கிறது. ஓடுகளுக்கு இடையிலான கோட்டில் புல் முளைத்திருந்தால் அங்கே தண்ணீர் உள்ளே போகிறது. மழைநீர் இறங்கும் குழாயின் வாயைச் சுற்றி உள்ள ஓரத்தைக் கவனியுங்கள். ஒழுகலில் பெரும்பகுதி அங்கேதான் ஆரம்பம்.

பிறகு கீழே வந்து கூரையின் அடிப்பக்கம். சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா? துருப்பிடித்த கம்பி உப்பும். உப்பும்போது காங்கிரீட்டைத் தள்ளிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி மூடினால் ஒரு மழைக்காலம்கூட நிற்காது. துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பிறகுதான் பூச வேண்டும்.

சுவரில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால், அது உயிரோடு இருக்கும் ஓதமா பழைய கறையா என்று பார்க்க வழி உண்டு. ஒரு சாண் அகல பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே பட்டியும் பெயிண்டும் வீண். அந்த உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, மறுபூச்சு பூச வேண்டும்.

குழாய் எங்கேயாவது சுவருக்குள் கசிகிறதா என்பதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். இரவு படுக்கும்முன் மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிடுங்கள், மோட்டாரைத் தொடாதீர்கள். காலையில் மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்தால் கசிவு இருக்கிறது. ஃப்ளஷ் டேங்க்கிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

8. சரிசெய்ய முடியாததை மறைக்காதீர்கள். நான் நல்லவனாக இருக்கச் சொல்லவில்லை. சட்டமே அப்படி இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் வருபவர் எவரும் "2015-ல தண்ணி எவ்வளவு வந்துச்சு சார்?" என்று கேட்காமல் போவதில்லை. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 2023-ஐயும் சேர்த்துக் கேட்கிறார்கள். "வாசப்படி ஏறல" என்று நீங்கள் சொல்வீர்கள். அவர் வெளியே போய் எதிர்ப்பெட்டிக்கடையில் கேட்பார். தண்ணீர் நின்ற உயரத்தை நீங்களே காட்டிவிடுங்கள். அதற்கப்புறம் என்ன செய்தீர்கள், மோட்டாரை மேலே தூக்கி வைத்தது, மீட்டர் பெட்டியை உயர்த்தியது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் உண்மை சொன்னவரை மற்ற விஷயங்களிலும் நம்புகிறார்கள்.

9. குழாய் வாஷர், கதவுத் தாழ்ப்பாள், எரியாத ட்யூப்லைட், சுவரோடு ஆடும் சுவிட்ச் பாக்ஸ். மொத்தமாகச் சில ஆயிரம் ரூபாய் வேலை. வருபவர் பீமையும் தூணையும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. குழாயைத்தான் திறந்து பார்ப்பார். பூட்டிக் கிடக்கும் வீடென்றால் பாத்ரூம் தரைப் பொறிகளில் இருக்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை வாடை வீடெங்கும் ஏறிவிடும். ஆள் வருவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு பொறியிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியைத் தூர்வாரிவிடுங்கள். 2003-இல் கட்டாயமாக்கியபோது போட்டது, அதன்பின் யாரும் திறந்திருக்கமாட்டார்கள்.

மாலை போட்ட படங்களை முன்னறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்பா படத்தைக் கழற்றச் சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். வருபவர் இந்த முன்னறையில் தன் பிள்ளைகள் ஓடுவதைக் கற்பனை செய்ய வேண்டும்; பெரியவர் ஒருவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு அது வராது.

10. செய்ய வேண்டாதவை. புதிய மாடுலர் கிச்சன் வேண்டாம்; போட்ட பணம் திரும்பாது, அந்த நிறம் வாங்குபவரின் மனைவிக்குப் பிடிக்காது. வாஸ்துவுக்காக எதையும் இடிக்காதீர்கள். ஒரு வாஸ்துக்காரர் மூடச் சொன்ன ஜன்னலை இன்னொருவர் திறக்கச் சொல்வார், வாங்குபவர் எப்படியும் தன் ஆளோடு திசைகாட்டி எடுத்துக்கொண்டுதான் வருவார். வாசலில் நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள். நிழலுக்கு விலை உண்டு.

11. இப்போது பெயிண்ட். பழுதெல்லாம் பார்த்து, சுவர் காய்ந்த பிறகு, சித்திரை வைகாசி வெயிலில். ஐப்பசி கார்த்திகையில் அடித்தால் தை மாதம் உரியும். வெள்ளை, அல்லது வெள்ளைக்குப் பக்கத்தில் ஏதாவது ஒன்று. மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் உங்கள் அப்பாவின் ரசனையாக இருந்திருக்கலாம்.

12. ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருபவர் குறைவு. அந்த மாதங்களைக் காகித வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தை, சித்திரை, ஆவணியில் ஆட்கள் வருவார்கள். நல்ல முகூர்த்த நாளில் பதிவு அலுவலகங்களில் கூடுதல் டோக்கன்கூடக் கொடுக்கிறார்கள். வீட்டில் வெளிச்சம் எந்த நேரம் நன்றாக விழுகிறதோ அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். வந்தவரோடு அறை அறையாக ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். கணவனும் மனைவியும் தனியாகச் சமையலறையில் நின்று கிசுகிசுப்பதில்தான் வியாபாரம் முடிகிறது.

13. பணம். வழிகாட்டி மதிப்பை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்ட வேண்டியிருப்பதால் பத்திரத்தில் குறைத்துப் போடலாமா என்பார், மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பார். சம்மதிக்காதீர்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கின தொகை அளவுக்கு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் 1 சதவீதம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். அது ஏமாற்று வேலை இல்லை, உங்கள் கணக்கில் வரும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டுவாசி என்றால் அவர் பங்குக்கு இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடித்தம் மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

மூலதன ஆதாய வரிக்கு ஒரு விஷயம், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. 2001-க்கு முன் வாங்கிய வீடென்றால், 2001 ஏப்ரல் 1 அன்று அது என்ன பெறும் என்ற மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். அப்பா 1974-இல் கொடுத்த சில ஆயிரத்தை அடக்கமாக வைத்து வரி கட்டிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள், வீடு நிற்கும்போதே வாங்குங்கள். இடித்த பிறகு எதை அளப்பது? 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தென்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் 12.5 சதவீதமோ, பணவீக்கக் குறியீட்டுச் சலுகையோடு 20 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

14. கிரைய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து இதையும் பதிவு செய்ய வேண்டும். பதிவானது ஈசியில் ஏறும். பார்ட்டி பணம் புரட்ட முடியாமல் நழுவிவிட்டால், ரத்துப் பத்திரம் பதியும்வரை அடுத்தவர் உங்கள் வாசலுக்கு வரமாட்டார். அதனால் ஆளைப் பார்த்து எழுதுங்கள். எத்தனை மாதக் கெடு, தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும், ரத்துக்கு அவர் எத்தனை நாளில் வந்து கையெழுத்திட வேண்டும், எல்லாம் அதிலேயே இருக்கட்டும்.

வீட்டோடு எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். சீலிங் ஃபேன், கீஸர், இன்வெர்ட்டர், ஏசி, கேட்டுக்கு மேல் இருக்கும் கேமரா. கோடிக் கணக்கில் பேசி முடித்தவர்கள் சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் ஒரு பழைய கீஸருக்காகக் குரல் உயர்த்துவதை நானே விலக்கிவிட்டிருக்கிறேன். ஊஞ்சல் பலகையைக் கொண்டுபோவதாக இருந்தால் வீடு காட்டத் தொடங்கும் முன்பே கழற்றிவிடுங்கள். பார்த்தவர் அதையும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருப்பார்.